பதினேழு

காத்திருப்பு அறைச் சுவரில், கடிகாரம் இருந்த இடத்தில், எண் காட்டும் புதுத் திரை ஏறிவிட்டது. அதை மாட்ட வந்தவர் ஏணியில் நின்று கடைசித் திருகாணியை இறுக்குகிறார். துளை போட்ட தூள் அவர் மீசையில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. டாக்டர் அறைக்குள் ஒன்பதாம் எண்காரர் இருக்கிறார். வெளியே கவுண்டரை ஒட்டி, வழக்கம்போல நிற்கிறார் காது மந்தமான பெரியவர். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். சீட்டு கொடுக்கும் பெண் எண்ணைக் கூப்பிடும்போது அவள் உதட்டைப் பார்த்தாக வேண்டும். போன மாதம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்த நேரத்தில் அவர் முறை போயே போய்விட்டது. திரைக்காரர் கீழே இறங்கி, சரிபார்க்க ஏதோ ஓர் எண்ணைத் தட்டுகிறார். பதினேழு என்று பச்சையாக, பெரிதாக எரிகிறது. பெரியவர் கையிலிருக்கும் சீட்டைப் பார்க்கிறார்; அதிலும் பதினேழுதான். அடுத்த நொடி விறுவிறுவென்று டாக்டர் அறையை நோக்கி நடக்கிறார். “ஐயா, ஐயா, அது சும்மா டெஸ்டிங்!” என்று திரைக்காரர் கத்துவது அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? சீட்டுப் பெண் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒன்பது விரல்களை விரித்துக் காட்டுகிறாள். அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார். “அப்ப, என் நம்பர் அதுலயே வந்துடுமா?” என்று அறையே அதிரக் கேட்கிறார். அவள் சிரித்தபடி தலையாட்டுகிறாள். அவர் கவுண்டருக்குத் திரும்பவில்லை. ஜன்னலோரம், வெயில் விழும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சுகமாகக் காலை நீட்டிக்கொள்கிறார். “அங்கேருந்து தெரியுமாண்ணே?” என்று அவள் திரைக்காரரிடம் கேட்கிறாள். அவர் மறுபடி ஏணியில் ஏறி, இறுக்கிய திருகாணியைத் தளர்த்தி, திரையை ஜன்னல் பக்கம் ஒரு விரற்கடை திருப்புகிறார்.