வத்தல் கணக்கு

"இந்த சிப் கம்பெனிப் பங்கு ரெண்டு மடங்காவட்டும் சுகுணா. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போவோம்."

"இன்னொரு தடவையா?"

"எல்லாம் ஒனக்காகத்தாம்ட்டி."

போன வருஷம் மனைவியிடம் பேசிய பேச்சு அது. 2008 தீபாவளிக்கு முன்னால், கோவில்பட்டிப் பங்குத் தரகர் அலுவலகத்தில் சிவப்பாய் ஓடிய திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த லிங்கராஜின் காதில் அதுவே திரும்பத் திரும்பக் கேட்டது.

லிங்கராஜ் மிளகாய் வத்தல் வியாபாரி. விலை விழும்போது வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கி, ஏறும்வரை பொறுத்திருந்தே பழகியவர். அந்த சிப் கம்பெனிப் பங்கையும் வத்தல் மாதிரியே நினைத்து, விழ விழ வாங்கினார். பிள்ளை வேண்டி வைத்தியத்துக்குச் சேர்த்த பணமெல்லாம் அதற்குள் போய்விட்டது.

"உலகம் பூரா விக்காவ அண்ணாச்சி. நீங்க மட்டும் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கீய" என்றார் தரகர் மாயகிருஷ்ணன். "வத்தல்னா கடைசியில கொழம்புக்காவது ஆவும். இத வித்துருங்க."

விற்றார். கைக்கு வந்தது, மெட்ராஸ் போய்வரும் ரயில் செலவுக்குத்தான் காணும்.

சுகுணாவிடம் எப்படிச் சொல்வது? மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று முறை கரு தங்காமல் திரும்பியவள். பங்கு ஏறியிருக்கிறது என்று அவர் சொன்ன அன்று, சோறு இறங்காமல் பாதியில் எழுந்து போனாள். ஆசை மிகுதி என்று நினைத்துக்கொண்டார். விலை விழுந்த வாரத்தில் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு நின்றாள். பாவம், விவரம் தெரியாதவள்.

வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார்.

"போச்சு சுகுணா. இனி மெட்ராஸ் போக வழியில்ல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. மூன்று முறை திரும்பி வந்தபோதும் அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

அவர் அவள் பக்கத்தில் குனிந்தார்.

"அழாதட்டி. கிட்டங்கிய வித்தாவது ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன். இப்பவே போயி ஆள் பாக்கேன்."

செருப்பை மாட்டத் திரும்பியவரின் கையை அவள் எட்டிப் பிடித்தாள்.

"மூணு தடவையும் ஒங்களுக்காகத்தான் வந்தேன். இனிமே என்னய அங்கன கூப்புடாதீங்க."