சேலம் பஸ்ஸும் செல்லாத வாதங்களும்

"நீ இல்லாம ஒரு நாள் இருந்தாலும் நம்ம ஊடு வாசலே இருண்டு போயிடும் வாணி" என்றார் என் வீட்டுக்காரர் அண்ணாமலை, என் பையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு.

மலைமேல் எங்கள் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் சேலம் போகும் கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நாளைக் காலையில் சேலத்தில் எனக்குப் பரீட்சை. காலேஜில் பாடம் நடத்தத் தகுதித் தேர்வு. இந்த பஸ்ஸை விட்டால் அடுத்த வருஷம்தான்.

"உயர்வு நவிற்சி அணி. பையைக் கொடுங்க" என்றேன்.

பின்னே? மாசக்கணக்கில் மிளகு காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோழியை விரட்டிக்கொண்டே படித்தவள் நான். அணி இலக்கணம், பிழையான வாதங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், விளக்கம், உதாரணம். யார் வாயைத் திறந்தாலும் பெயர் வைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அதிலும் இவர் வாயைத் திறந்தால் கேட்கவே வேண்டாம்.

"உன் அறிவுக்கு இந்தப் பரீட்சையெல்லாம் எந்த மூலைக்கு? நீ போயி எழுதினா பரீட்சைக்குத்தான் கௌரவம்."

"வஞ்சப்புகழ்ச்சி. பை."

மனிதர் அசரவில்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி பரீட்சைக்குப் போய் பெயிலாகி வந்தாளாம். ஆகவே மலைப் பெண்களுக்கே பரீட்சை ஆகாதாம். ஒருத்தி பெயிலானால் மலையே பெயிலா? அவசரப் பொதுமை என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அடுத்து ஆரம்பித்தார். நான் வேலைக்குப் போனால் சேலத்தில் வீடு பார்ப்பேனாம். வீடு பார்த்தால் பிள்ளையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேனாம். பிள்ளை அங்கே இருந்தால் இவரும் இறங்கி வர வேண்டுமாம். அப்புறம் மிளகுக்கொடியை யார் பார்ப்பது?

"சறுக்குச் சரிவு வாதம்!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பஜ்ஜி தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

டீக்கடை அத்தாயி அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏஞ்சாமி, கண்டக்டர் ஏறிட்டாரு. போயி ஏறு."

"இதோ வாரேங்க்கா. இதுக்கு மட்டும் இவருக்குப் பேர் சொல்லிட்டு வாரேன்."

ஏனென்றால் அதற்குள் இவர், "உனக்கு நான் வேணுமா, பரீட்சை வேணுமா?" என்று கேட்டுவிட்டிருந்தார். பொய்யான இருவழி! இரண்டும் வேண்டும் என்றால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? மனப்பாடம் பண்ணிய விளக்கத்தை உதாரணத்தோடு எடுத்துவிட்டேன். கையைக் கட்டாத குறையாகத் தலையாட்டிக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் இவ்வளவு நேரம் பேசி இவர் கேட்டதே இல்லை.

விசில் சத்தம் வந்தது.

"எங்கம்மாவுக்கு மூட்டுவலி. நீ போயிட்டா சுடுதண்ணி யாரு வெப்பா? பாவமில்லையா?"

அடுப்புப் பற்றவைக்க இவருக்கு என்ன கேடு? "இரக்க முறையீடு!" என்று கத்தினேன்.

பஸ் வளைவில் திரும்பி இறங்கியது.

அவர் எட்டிப் பார்த்து, அது மறைகிற வரைக்கும் நின்றார். பிறகு பையை என் கையில் கொடுத்தார். என்ன ஒரு மரியாதை!

"நீ சொன்னது எல்லாமே சரிதான் கண்ணு. போயிட்டு வா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பேசியது பூராவும் என் பரீட்சைக் கைடில் இருக்கிற வரிசை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

தினமும் சாயங்காலம் அந்தக் கைடைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டவர் இவர்தான். பெண்டாட்டி படிப்புக்கு இப்படி ஒத்தாசை பண்ணுகிற ஆம்பளை உண்டா என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். படுபாவி, என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சேலத்து ஜவ்வரிசி மில்லுக்கு இறங்குகிற சின்னுசாமி அண்ணனின் லாரி வந்தது. கையை நீட்டினேன். நிறுத்தினார்.

என் வீட்டுக்காரர் முகம் அப்போதுதான் மாறியது.

"லாரியில போனா ஊரு என்ன சொல்லும்? ஊரே ஒண்ணு சொன்னா அது பொய்யா இருக்குமா?"

இதற்கும் பெயர் உண்டு. வரிசையில் அடுத்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது. ஐயோ, என்ன அருமையான பெயர்! சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

பையை உள்ளே போட்டேன். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "இதுக்குப் பேரு என்ன வாணி? தெரியலையா? பேரைச் சொல்லிட்டுப் போ கண்ணு!"

"வண்டிய எடுங்கண்ணா" என்றேன்.