பிளாக் செய்வது எப்படி

“இனி ஃபேஸ்புக்கில ஒண்ணும் எழுத மாட்டேன்.” போனை என் முன்னால் வைத்தாள் என் மனைவி லிஜா. கண் கலங்கியிருந்தது.

மீன்பிடி வள்ளங்களுக்குக் கொடுக்கும் மானிய மண்ணெண்ணெயைக் குறைக்கக் கூடாது என்று எழுதியிருந்தாள். அவளுடைய அப்பாவும் அண்ணன்மாரும் இனயம் ஊரில் கடலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டு மருமகனான நான் மானியத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அவள் எழுதியதற்குக் கீழே ‘நாஞ்சில் நேர்மை’ என்ற பெயரில் ஒருவன், ‘மீன் கழுவுகிறவளுக்குப் பொருளாதாரம் எதற்கு?’ என்று கேட்டிருந்தான்.

“முகம் தெரியாதவனுக்காக அழலாமா, ஏட்டி? பிளாக் பண்ணு.”

“பண்ணினா என்ன ஆகும்?”

நான் பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் நடத்துகிறவன். எதையும் பொறுமையாக விளக்குவேன்.

“நீ எழுதுறது அவனுக்குத் தெரியாது. அவன் எழுதுறது உனக்குத் தெரியாது. நடுவுல மதில் கட்டின மாதிரி. இந்த மூணு புள்ளியை அமுக்கு.”

அவள் விரல் புள்ளிக்கு மேலே போய் நின்றது.

“வேண்டாம்.”

“ஏன்?”

“ரெண்டு வருசமா நான் எழுதுறதை ஒரு வரி விடாம வாசிக்கது இவன் ஒருத்தன்தான். நீங்க ஒருநாளாவது வாசிச்சியளா?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக எதையோ தட்டினாள்.

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவள் நிமிர்வதற்குள் திரும்பி நின்று பார்த்தேன்.

‘உங்கள் கருத்துக்கு லிஜா பதில் எழுதியிருக்கிறார்: நாளைக்கும் எழுதுவேன். வாசிக்க வாங்க.’