முழங்கால் சொன்ன காரணம்

அறிவழகனின் முழங்கால் திடீரென்று வீங்கிவிட்டது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்," என்றார். மனைவி கோமளா நம்பவில்லை. டாக்டர் கட்டிவிட்ட பேசும் பட்டை, காயத்தின் காரணத்தை முழங்காலிலிருந்தே படித்துச் சொல்லும். ஆவல் தாங்காமல் அவளே பட்டையிடம் கேட்டாள்.

"வழுக்கவில்லை. காதுகளைப் பிடித்தபடி விடாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார். இந்தப் பயிற்சியின் பெயர் தெரியவில்லை."

"தோப்புக்கரணமா! எப்போ?"

"செவ்வாய்க்கிழமை காலை."

அன்றைக்குத்தான் கோமளாவுக்கு ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பிள்ளையார் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சாமியே இல்லையென்று ஆயுசு முழுக்க மேடையேறிப் பேசிய கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வழுக்கிட்டேன்னுதான் சொன்னேனே."

"ஆமா, வழுக்கித்தான் இருக்கீங்க," என்று சொல்லி, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள் கோமளா.