மருந்து ஜன்னலை மறைத்தவர்

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? நான் மருந்து வாங்கணும்."

"எல்லாரும் அதுக்குத்தான் நிக்கிறோம் தம்பி. காய்கறி வாங்கவா வந்தோம்?"

வரிசையே சிரித்தது. தள்ளி நிற்கச் சொன்ன வேன் டிரைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவர் அவசரம் அவருக்கு. மனைவிக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இன்றைக்குத்தான் வீட்டுக்கு விடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவள் போன் மேல் போன் போடுகிறாள். வெயில் முகத்தில் படுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா, சீக்கிரம் வாங்க என்கிறாள். அவள் குரலில் பழைய அதிகாரம் திரும்பிவிட்டதில் டிரைவருக்கு ஏக சந்தோஷம். மருந்துதான் பாக்கி. ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அந்த மருந்துக்குக் குறுக்கேதான் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் நந்தி மாதிரி நின்றார்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வரிசையைப் பார்த்து நின்றுகொண்டு, மனிதர் வாயை மூடவே இல்லை. ஸ்கேன் எங்கே என்று ஒரு பெண் ஜன்னலை நோக்கி வந்தாள். மேல் மாடி, வலது பக்கம் என்று அவரே பதில் சொல்லி அனுப்பினார். சில்லறை கேட்டவருக்குத் தன் பையிலிருந்தே மாற்றிக் கொடுத்தார். மற்ற நேரத்தில் கதை. தனக்குத் தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனாராம். டாக்டர் காரணத்தை விளக்க ஆரம்பித்தாராம். பாதியிலேயே இவர் குறட்டை விட்டுவிட்டாராம். வலியோடு வந்தவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"யார் சார் இந்த ஆளு? இங்கே வேலை பார்க்கிறாரா?" என்று பின்னால் நின்றவரிடம் டிரைவர் கேட்டார்.

உள்ளே இருக்கும் மருந்தாளர் அம்மாவின் வீட்டுக்காரராக இருக்கும் என்றார் அவர். இல்லை, புரோக்கர் என்றார் இன்னொருவர். சும்மா யாராவது நாள் பூராவும் இப்படி நிற்பார்களா என்ற கேள்வி டிரைவருக்கும் நியாயமாகப் பட்டது.

அவர் முறை வந்தது. சீட்டை உள்ளே நீட்டினார். மருந்தாளர் அதை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார். வழுக்கையர் ஒரு குழந்தைக்கு வேடிக்கை காட்டக் குனிந்த நேரம் பார்த்து, டிரைவர் ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"மேடம், சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, வெளியே அவ காத்துக்கிட்டிருக்கா."

மருந்தாளரின் கை தயங்கியது. எடுத்த பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் அதே நீலத்தில், அதே அளவில் இன்னொரு பெட்டி. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுச் சீட்டை மறுபடி எடுத்தார்.

"பேச்சு கொடுத்தா எனக்கு விட்டுப்போகும் சார். முதல்லேர்ந்து பார்க்கிறேன்."

"உள்ளே பேச்சுக் கொடுக்காதீங்க தம்பி," என்று வழுக்கையர் அவர் தோளைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போய், மருந்து ஜன்னலில் ஒரு புரோக்கர் நின்று நாட்டாமை பண்ணுகிறான், உள்ளே இருக்கும் அம்மாவும் அதற்கு உடந்தை என்று ஒரே மூச்சில் கொட்டினார். கண்காணிப்பாளர் அம்மா கையோடு கிளம்பி வந்துவிட்டார்.

"நீங்க யாரு? இந்த மேடத்துக்கு உறவா?"

வழுக்கையர் தலையைத் தடவினார்.

கதவைத் திறந்துகொண்டு மருந்தாளரே வெளியே வந்தார். முதலில் மருந்துப் பையை டிரைவர் கையில் கொடுத்து, காலையில் எது, இரவில் எது என்று நிதானமாக விளக்கினார். மனைவியின் பேரைச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். அப்புறம்தான் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"உறவெல்லாம் இல்லை மேடம். கூட்டம் என்கிட்ட பேச்சுக் கொடுக்காம பார்த்துக்கிறேன்னு இவராத்தான் வந்து நிக்கிறார்."

"இவருக்கென்ன அவ்வளவு அக்கறை?"

மருந்தாளரின் கண் கலங்கியது. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"போன மாசம் இந்த இரைச்சல்ல பெட்டி மாத்திக் குடுத்து, ஒருத்தரை வார்டுல படுக்க வெச்சேனே மேடம்... அவர்தான் இவர்."