இல்லாத பேன்

மொட்டை மாடியில் ஒரு பூனை, தன் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட குட்டியைக் கழுத்தில் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. மாடிமேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளையில் குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு "கிக்கிக்கீ" என்று சிரித்தது.

"ஏம்மா, இன்னுமா தூக்கிச் சுமக்கிற? என் குட்டியை நான் பிடிக்கிறதே இல்ல. அதுதான் என் வயித்தைப் பிடிச்சுக்கும். விழுந்தா அது பாடு."

பூனை குட்டியைக் கீழே வைத்தது. "மியாவ்! நல்லா இருக்கு உன் நியாயம்! பெத்தவ பிடிக்காம ஊரா வந்து பிடிக்கும்?"

அப்போது படியேறி ஒரு நாய் வந்தது. "லொள்!"

பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் தாவியது. கனம் தாங்கவில்லை. பூனை மேலே, குட்டி கீழே. விழுந்த குட்டி, தாயின் வாயில் தொங்கும்போது இருப்பதுபோலவே அசையாமல் கிடந்தது.

"ஓடுடா!" என்று அலறியது பூனை. நாய்க்குப் பயந்து அது தொட்டிமேலேயே ஒண்டிக்கொண்டது.

"ஓடறதுன்னா என்னம்மா?"

"நாலு காலையும் ஊனுடா! இரு, நான் வர்றேன்!" என்று குரங்குக்குட்டி குதிக்கப் போனது. தாய்க்குரங்கு அதன் வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தது. "ஐயோ, போகாதடா என் ராசா!"

பூனைக்குட்டி தானே எழுந்தது. தடுமாறி, உருண்டு, ஓடி, கிளையில் தொற்றிக்கொண்டது. நாய் குரைத்து அலுத்து இறங்கிப் போனது.

"டேய், எனக்கு ஓட வருது!" என்றது பூனைக்குட்டி.

"எங்கம்மாவுக்குப் பிடிக்க வருது!" என்றது குரங்குக்குட்டி.

அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பூனை ஏற்கெனவே சுத்தமாக இருந்த தன் காலையே நக்கிக்கொண்டிருந்தது. குரங்கு தன் கையில் இல்லாத பேனைத் தேடிக்கொண்டிருந்தது.