இக்கா பீஸ் வாங்காத வருஷம்

"பீஸ் வேண்டா அண்ணாச்சி. இந்த வருஷம் ஒண்ணும் தர வேண்டா," என்றார் ஷௌகத் இக்கா.

இசக்கிராஜா நோட்டுகளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தினார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் இசக்கிராஜா. பல் பிடுங்கிய டாக்டரிடமே ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். அவருக்கும், வீட்டில் நாலு மெஷின் போட்டு நைட்டி தைத்து விற்கும் அவர் மனைவி வீரலட்சுமிக்கும் பத்து வருஷமாக வருமான வரிக் கணக்கு போட்டுத் தருவது இக்காதான். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஒவ்வொரு வருஷமும் அரை மணி நேரம் மல்லுக்கட்டி, இருநூறாவது குறைக்காமல் இசக்கிராஜா இக்காவின் ஆபீஸ் மாடிப்படி இறங்கியதில்லை. முழுசும் வேண்டாம் என்றால் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

ஆனால் பஜாரில் ஒரு பேச்சு உண்டு. இக்கா யாரிடம் பீஸ் வாங்கவில்லையோ, அந்த ஆள் அடுத்த வருஷம் கணக்கு போட வருவதில்லை.

வெங்காய மண்டி செல்லதுரையிடம் வாங்கவில்லை. தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தார். கயிற்றுக்கடை ஆனந்தகுமாரிடம் வாங்கவில்லை. ஓணத்துக்கு அவர் கடை திறக்கவே இல்லை. சாயாக்கடை ஷாஃபி மட்டும், "எனக்கு இக்கா சும்மா போட்டுக் கொடுத்தாரு," என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அப்புறம் மூன்றே மாதம்.

வெளியே கர்க்கடக மாசத்து மழை. கரண்ட் போயிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே அறை இருட்டிக் கிடந்தது. கீழே கோடவுனிலிருந்து சுக்கு வாசனை படியேறி வந்தது. லேப்டாப் வெளிச்சத்தில் இக்காவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த முகம் இசக்கிராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்வையில் இரக்கம் வேறு. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"சும்மா இருங்க இக்கா. ரெண்டு பேருக்கும் சேத்து மூவாயிரம். முழுசா. நான் கொறைக்கவே இல்ல."

"வேண்டா."

"நாலாயிரம் வச்சுக்கோங்க."

இக்கா நோட்டுகளை மெல்லத் திருப்பித் தள்ளினார். அவர் விரல் பட்ட இடம் சில்லென்றிருந்தது.

"சாயா குடிக்கறீங்களா?"

பத்து வருஷத்தில் இக்கா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. இசக்கிராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

"அஞ்சாயிரம்." பிறந்ததிலிருந்து அவர் விலையை ஏற்றிப் பேசியது அன்றைக்குத்தான். "கையெடுத்துக் கும்பிடறேன், வாங்கிக்கோங்க. எனக்கு அம்பத்து மூணு வயசுதான் ஆகுது இக்கா."

"அதுக்கென்ன அண்ணாச்சி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நீங்க காசு வாங்காட்டி ஆளு இருக்கமாட்டான். செல்லதுரை, ஆனந்தகுமார், ஷாஃபி... என் மொகத்துல என்னத்தைப் பாத்தீங்க? எத்தனை நாளுன்னாவது சொல்லிருங்க."

இக்கா மேசையில் அடுக்கியிருந்த பைல்கள் மேல் கையை வைத்தார். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

"மொகத்துல ஒண்ணும் பார்க்கல அண்ணாச்சி. பைல்லதான் பார்த்தேன். பெரிய சீக்குக்கு வைத்தியம் பண்ணினா வரியில கொஞ்சம் கழிவு கிடைக்கும் அல்லே? அதுக்காக ஆஸ்பத்திரி பேப்பரை எங்கிட்ட கொண்டுவருவாங்க. பெத்த பிள்ளைக்குத் தெரியாததுகூட எனக்குத் தெரிஞ்சுபோகும். அந்த நிலைமையில இருக்கறவங்ககிட்ட எப்படிக் காசு வாங்கறது? இதுவரைக்கும் பதினாலு பேர்கிட்ட வாங்கல. மூணு பேரு போயிட்டாங்க. மிச்சம் பதினொரு பேரு இந்த பஜார்லதான் நடமாடறாங்க. அவங்களை யாரும் எண்ணறதில்ல."

இசக்கிராஜா குழம்பிப் போனார்.

"நான் ஆஸ்பத்திரி பேப்பர் எதுவும் தரலியே இக்கா? ஒரு ஜலதோஷம்கூட இல்லியே எனக்கு?"

"இல்ல. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. இசக்கிராஜா வாய்விட்டுச் சிரித்தார். மேசையில் கிடந்த ஐயாயிரத்தை அள்ளிச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"நல்லா பயமுறுத்தினீங்க போங்க. எனக்கு இல்லைல்ல? அது போதும்."

இக்கா சிரிக்கவில்லை.

"அப்ப அண்ணாச்சிக்குத் தெரியாதா? அக்கா சொல்லியிருப்பாங்கன்னுதான் நெனச்சேன்."

ஒவ்வொரு வருஷமும் இரண்டு பைலையும் இசக்கிராஜாதான் எடுத்து வருவார். இந்தத் தடவை வீரலட்சுமி போன வாரமே தன்னுடையதைத் தானே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். இக்கா அந்தப் பைலைத் திறந்து அவர் பக்கம் திருப்பி, செல்போன் டார்ச்சை அடித்துப் பிடித்தார்.

ஏழு மாசத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள். எல்லாம் வீரலட்சுமி பேரில். ஒவ்வொன்றிலும் 'கூட வந்தவர்' என்று கேட்டிருந்த இடத்தில் அவள் தன் கையாலேயே எழுதியிருந்தாள்: யாரும் இல்லை.